ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு ஐரோப்பாவில் வட அமெரிக்கவியல் முதுகலை படிக்கலாமா? எங்கே, எவ்வளவு செலவாகும், எதில் மாட்டிக்கொள்வார்கள்?

கேட்டவர் பி.ஏ. ஆங்கில இலக்கியம் இறுதியாண்டு. அமெரிக்க வரலாறு, அரசியல் இரண்டிலும் ஈடுபாடு உண்டு, அமெரிக்காவிலேயே போய்ப் படிக்கப் பணம் இல்லை என்கிறார். படிக்கலாம். ஆனால் பட்டத்தின் பெயரைப் பார்த்து விண்ணப்பிக்காதீர்கள். ஒரே பெயரில் மூன்று வேறு வேறு படிப்புகள் நடக்கின்றன. எந்தத் துறை அதை நடத்துகிறது என்பதைப் பொறுத்துத்தான் நீங்கள் எதைப் படிப்பீர்கள் என்பது முடிவாகும்.

முதலில் பெர்லின். சுதந்திரப் பல்கலைக்கழகத்தில் இருக்கும் ஜான் எஃப். கென்னடி நிறுவனம் 1963இல் தொடங்கியது. நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா போய், போருக்குப் பிறகு திரும்பிவந்த அரசியல் அறிஞர் எர்ன்ஸ்ட் ஃபிரெங்கல்தான் அதற்கு முக்கிய காரணம். பனிப்போர் உச்சத்தில் இருந்த மேற்கு பெர்லினில் அமெரிக்காவைப் படிக்க ஒரு நிறுவனம் ஏன் வந்தது என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. பண்பாடு, இலக்கியம், வரலாறு, அரசியல், சமூகவியல், பொருளாதாரம் என்று ஆறு துறைகள் ஒரே கட்டடத்தில் இருப்பதுதான் இதன் பலம். முதுகலையில் இந்த ஆறிலிருந்து இரண்டில் ஆழமாகப் போகிறீர்கள். இரண்டு ஆண்டு, 120 கிரெடிட், வகுப்புகள் ஆங்கிலத்தில். வட அமெரிக்காவுக்கென்றே ஐரோப்பாவில் இருக்கும் பெரிய நூலகங்களில் ஒன்று அங்கேயே இருக்கிறது. இலக்கியத்திலிருந்து வருபவர் வரலாற்றுக்கோ அரசியலுக்கோ நகர நினைத்தால் என் முதல் பரிந்துரை இதுதான். ஏனென்றால் ஒரு காலை இலக்கியத்தில் வைத்துக்கொண்டே இன்னொரு காலை எடுத்துவைக்க இடம் கிடைக்கிறது.

இரண்டாவது வகை, ஆங்கிலத் துறைக்குள் இருக்கும் படிப்பு. பான், கோட்டிங்கன் இரண்டிலும் வட அமெரிக்கவியல் முதுகலை உண்டு. மையம் இலக்கியமும் பண்பாட்டுக் கோட்பாடும்தான். செனட் குழுக்கள் எப்படி இயங்குகின்றன என்று படிக்கப் போகிறவர் இங்கே ஏமாந்துபோவார். மூன்றாவது வகைக்கு நெதர்லாந்தின் லெய்டன் நல்ல உதாரணம். வரலாறு, அயலுறவு, அரசியல் பக்கம் சாய்வு அதிகம், ஒரே ஆண்டு, 60 கிரெடிட். நெய்மேகன் ராட்பவுட் பல்கலைக்கழகத்திலும் இதே பெயரில் ஓராண்டுப் படிப்பு உண்டு. செலவு குறைவாக வேண்டுமென்றால் வார்சா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கவியல் மையத்தையும் பாருங்கள், 1976இலிருந்து இயங்குகிறது.

‘வட அமெரிக்கா’ என்றால் நடைமுறையில் அமெரிக்காவும் கொஞ்சம் கனடாவும். மெக்சிகோவைப் பெரும்பாலும் லத்தீன் அமெரிக்கத் துறைக்குத் தள்ளிவிடுவார்கள். கனடாதான் உங்கள் விருப்பம் என்றால் பாடப்பட்டியலில் கனடாவுக்கென்று தனிப் பாடங்கள் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். ஜெர்மனியில் மார்பர்க் பல்கலைக்கழகத்தில் கனடா ஆய்வுக்கென்றே ஒரு மையம் இருக்கிறது.

இனி தகுதி. ஐரோப்பியக் கணக்கில் இளங்கலைக்குக் குறைந்தது 180 கிரெடிட் எதிர்பார்ப்பார்கள். இந்திய மூன்றாண்டு பி.ஏ.வை ஏற்பது இடத்துக்கு இடம் மாறும். ஜெர்மனிக்கு ‘அனபின்’ என்ற அரசுத் தரவுத்தளத்தில் உங்கள் பல்கலைக்கழகமும் பட்டமும் எப்படி மதிப்பிடப்பட்டிருக்கின்றன என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள். கல்லூரியின் பெயரைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது, பட்டம் கொடுத்த பல்கலைக்கழகத்தின் பெயரைத் தேட வேண்டும்.

அடுத்த சிக்கல், துறை சார்ந்த கிரெடிட். ஆங்கில இலக்கிய பி.ஏ.யில் ‘அமெரிக்க இலக்கியம்’ என்று ஒன்றிரண்டு தாள்கள்தான் இருக்கும். தேர்வுக்குழு மார்க் ஷீட்டில் தாளின் தலைப்பை மட்டும் பார்த்தால் ‘பிராந்திய அனுபவம் போதாது’ என்று முடித்துவிடும். அதனால் சிலபஸை அலகு வாரியாக எடுத்து, துறைத்தலைவர் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி இணைத்துவிடுங்கள். ‘இக்கால இலக்கியம்’ என்ற தாளுக்குள் ஃபாக்னர், டோனி மாரிசன் என்ற அமெரிக்க எழுத்தாளர்கள் இருக்கிறார்கள் என்பது அதில்தான் தெரியும்.

மதிப்பெண்ணை ஜெர்மனியில் ஒரு சூத்திரம் போட்டு மாற்றுவார்கள். உச்ச மதிப்பெண்ணிலிருந்து உங்கள் மதிப்பெண்ணைக் கழித்து, அதை உச்சத்துக்கும் தேர்ச்சிக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, 3ஆல் பெருக்கி, 1 கூட்ட வேண்டும். 100க்கு 75 வாங்கி, தேர்ச்சி 40 என்றால் 2.25 வரும். அங்கே 1.0 உச்சம், 4.0 தேர்ச்சி, எண் குறையக் குறைய நல்லது. தேர்ச்சி மதிப்பெண் மார்க் ஷீட்டில் அச்சாகவில்லை என்றால் அதற்கொரு சான்றிதழ் வாங்கி வையுங்கள். இல்லாவிட்டால் அவர்கள் என்ன எண்ணைப் போட்டுக்கொள்வார்கள் என்பது உங்கள் கையில் இல்லை. 35ஆக எடுத்துக்கொண்டால் அதே 75 மதிப்பெண் 2.15 ஆகிவிடும். இடம் குறைவான படிப்பில் இந்த 0.1 உள்ளே வெளியே தீர்மானிக்கும்.

ஆங்கிலத்துக்குப் பெரும்பாலும் ஐஇஎல்டிஎஸ் 7.0 கேட்பார்கள். ‘ஆங்கில வழியில் படித்தேன்’ என்ற கல்லூரிக் கடிதத்தைப் பல இடங்களில் ஏற்பதில்லை. கடிதத்தை நம்பித் தேர்வைத் தள்ளிப்போடாதீர்கள்.

கால அட்டவணையைப் பின்னாலிருந்து போடுங்கள். ஜெர்மனியில் குளிர்கால செமஸ்டர் அக்டோபர் 1 தொடக்கம். இந்தியர்களுக்கு 2022 நவம்பரிலிருந்து மாணவர் விசாவுக்கு, உங்கள் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழ் கட்டாயம். கட்டணம் 18,000 ரூபாய். இலங்கைச் சான்றிதழ்களுக்கு இது கிடையாது. பிறகு, பல பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு விண்ணப்பங்களை ‘யூனி அசிஸ்ட்’ என்ற பொது அமைப்பு வழியாக வாங்குகின்றன: முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே செமஸ்டரில் அடுத்தடுத்து ஒவ்வொன்றுக்கும் 30. அவர்கள் தாள்களைச் சரிபார்க்கவே நாலு முதல் ஆறு வாரம் ஆகும். கடைசி நாளில் அனுப்பினால், ஒரு பக்கம் ஸ்கேன் விட்டுப்போனதைக்கூடச் சரிசெய்ய நேரம் இருக்காது. தள்ளுபடியாகும் விண்ணப்பங்களில் பல இப்படித்தான் போகின்றன. நெதர்லாந்தில் ‘ஸ்டடிலிங்க்’ என்ற தேசியத் தளத்தில் பதிந்து, பின்பு பல்கலைக்கழகத்தின் தளத்தில் தாள்களை ஏற்ற வேண்டும். செப்டம்பர் சேர்க்கைக்கு ஐரோப்பியரல்லாதவர்களின் கெடு பெரும்பாலும் ஏப்ரல் 1. அங்கே விசா வேலையைப் பல்கலைக்கழகமே தொடங்கிவைக்கும், அது ஒரு நிம்மதி.

பணம். பெர்லின், பான், கோட்டிங்கன் மூன்றிலும் கல்விக் கட்டணம் இல்லை, செமஸ்டருக்குச் சில நூறு யூரோ பங்களிப்பு மட்டும். ஹைடல்பர்க், டூபிங்கன், ஃபிரைபர்க் மூன்றும் பாடன் வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் இருப்பதால் ஐரோப்பியரல்லாதவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. ஜெர்மன் விசாவுக்கு, மாதாமாதம் ஓர் அளவு மட்டும் எடுக்கக்கூடிய ப்ளாக்டு அக்கவுண்டில் ஓராண்டுக்கு 11,904 யூரோ கட்ட வேண்டும். மாதம் 992 யூரோவாக அது உங்களுக்கே திரும்பிவரும். பெர்லினில் அந்த 992 போதுமா என்றால், பங்கு வீட்டு அறை ஒன்றே அதில் பாதிக்கு மேல் விழுங்கும். ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்ய அனுமதி உண்டு. லெய்டன் போன்ற இடங்களில் ஐரோப்பியரல்லாதவர்களுக்கு ஓராண்டுக் கட்டணம் 20,000 யூரோவை ஒட்டி வரும். வேலைக்கும் வாரம் 16 மணி நேர வரம்பு, அதுவும் முதலாளி பர்மிட் எடுத்தால்தான். உதவித்தொகை என்றால் லெய்டன் எக்ஸலன்ஸ், ஒரே தடவையாக 5,000 யூரோ தரும் நெதர்லாந்து ஸ்காலர்ஷிப், ஜெர்மனியில் சேர்ந்த பிறகு மாதம் 300 யூரோ தரும் டாய்ச்லாண்ட் ஸ்டிபெண்டியம். எதையும் நம்பி பட்ஜெட் போடாதீர்கள்.

ஓராண்டா, இரண்டாண்டா? துறை மாறி வருபவருக்கு ஓராண்டு மிகவும் இறுக்கம். நெதர்லாந்தில் ஒரு கிரெடிட் 28 மணி நேர உழைப்பு, 60 கிரெடிட்டுக்கு 1,680 மணி நேரம். செப்டம்பரில் இறங்கி, டிசம்பருக்குள் ஆய்வேட்டுத் தலைப்பை முடிவுசெய்ய வேண்டியிருக்கும். ஆண்டுக்குப் பாதி கிரெடிட்டாவது எடுக்காவிட்டால் குடியிருப்பு அனுமதிக்கே ஆபத்து. ஜெர்மனியில் ஆபத்து நேர்மாறானது, அவிழ்த்துவிட்டதுபோல் இருக்கும். வகுப்பு பிப்ரவரியில் முடியும், 15 முதல் 20 பக்கம் வரும் செமினார் கட்டுரைகளை விடுமுறையில் எழுத வேண்டும். கேட்டால் அவகாசம் கிடைக்கும் என்பதால் கட்டுரைகள் சேர்ந்துகொண்டே போகும். நாலு செமஸ்டர் படிப்பு ஆறாகிவிடும். அனுமதியை நீட்டிக்கப் போகும்போது மறுபடியும் பணம் காட்டச் சொல்வார்கள்.

வேலை விஷயத்தில் சர்க்கரை தடவ விரும்பவில்லை. இந்தப் பட்டம் நேரடியாக எந்த வேலைக்கும் கதவு திறப்பதில்லை. முனைவர் பட்டம், பதிப்பகம், ஊடகம், பண்பாட்டுப் பரிமாற்ற அமைப்புகள், கொள்கை ஆய்வு நிறுவனங்கள் ஆகியவைதான் வழக்கமான வழிகள். படிப்பு முடிந்தபின் ஜெர்மனியில் 18 மாதம், நெதர்லாந்தில் 12 மாதம் வேலை தேடத் தங்கலாம். ஆனால் வகுப்பு முழுக்க ஆங்கிலத்தில் நடப்பதால் ஜெர்மன் கற்காமலே இரண்டு வருடம் ஓடிவிடும், வேலை தேடும்போதுதான் அது உறைக்கும். முதல் செமஸ்டரிலிருந்தே மொழி வகுப்பில் சேருங்கள், குறைந்தது பி2 நிலையை, அதாவது தடங்கலின்றிப் பேசும் அளவை, குறிவையுங்கள்.

ஏன் இந்தப் படிப்பு என்று விண்ணப்பத்தோடு எழுதும் மோட்டிவேஷன் லெட்டரில் பலர் சறுக்குவது ஒரே இடத்தில். சின்ன வயதிலிருந்தே அமெரிக்கப் படங்கள் பிடிக்கும், ஜனநாயகம் பிடிக்கும் என்று எழுதுவார்கள். தேர்வுக்குழு பார்ப்பது ஒரு கேள்வியையும் அதற்கான ஆதாரத்தையும். ‘இந்திய அமெரிக்க உறவு’ ஒரு கேள்வி ஆகாது. 1954இல் வந்த பி.எல். 480 என்ற அமெரிக்க உணவு உதவிச் சட்டப்படி இந்தியாவுக்குக் கோதுமை வந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். 1965 முதல் 1967 வரை ஜனாதிபதி ஜான்சன் நீண்டகால ஒப்பந்தம் போடாமல், கப்பல்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் கையாலேயே அனுமதித்தார். 1965 நவம்பரில் ரோமில் அமெரிக்க வேளாண் அமைச்சர் ஆர்வில் ஃப்ரீமனும் நம் உணவு, வேளாண் அமைச்சர் சி. சுப்பிரமணியமும் இந்திய வேளாண் கொள்கை பற்றி ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். ‘கோதுமையை நிறுத்தி நிறுத்தி அனுப்பியது இந்திய வேளாண் கொள்கையை மாற்றவா, வியட்நாம் போர் பற்றிய இந்தியாவின் விமர்சனத்தை அடக்கவா?’ என்று கேட்டால் அது ஆய்வேட்டுக்குத் தாங்கும். கனடாவும் அப்போது கோதுமை அனுப்பியது என்பதால் ஒப்பிட்டுப் பார்க்கவும் வழி இருக்கிறது.

இதற்கு ஆதாரம் எட்டுமா என்பதை விண்ணப்பிக்கும் முன்பே சோதித்துவிடலாம். அமெரிக்க வெளியுறவுத் துறை 1861இலிருந்து வெளியிட்டுவரும் அயலுறவு ஆவணத் தொகுதிகள் இணையத்தில் இலவசம். 1964 முதல் 1968 வரையான வரிசையில் 25ஆம் தொகுதி தெற்காசியா. அதில் உணவு உதவி பற்றிய குறிப்புகளை மட்டும் தேதி வாரியாகப் பட்டியலிட்டாலே, யார் யாருக்கு எழுதினார்கள், எங்கே இடைவெளி விழுகிறது என்று தெரியும். அந்த இடைவெளிக்கான தாள்கள் டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டினில் உள்ள ஜான்சன் நூலகத்தில் இருக்கலாம். போக முடியாதவர்களுக்கு நெதர்லாந்தின் மிடல்பர்க் நகரில் ரூஸ்வெல்ட் நிறுவனம் அமெரிக்க அரசு ஆவணங்களின் மைக்ரோஃபிலிம்களை வைத்திருக்கிறது. லெய்டனில் சேர்ந்தால் ரயிலில் போய்ப் பார்க்கும் தூரம்தான்.

இந்தப் பட்டியலை வைத்து ஒரு பக்கக் குறிப்பு எழுதுங்கள். நீங்கள் குறிவைக்கும் துறையின் பேராசிரியர்களில் இதே காலகட்டத்தில் வேலை செய்பவர் யாராவது இருக்கிறாரா என்று அவர்களின் வெளியீடுகளைப் பாருங்கள். ஒருவரும் இல்லை என்றால் அந்தப் பல்கலைக்கழகத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள், விண்ணப்பக் கட்டணமாவது மிஞ்சும்.