விண்ட்ரிங்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் ஆறாம் படிவம் படிக்கிறேன். பல்கலைக்கழகம் போக எழுதும் முவெட் ஆங்கிலத் தேர்வுக்காக ஒரு செயலியிலிருந்து தினமும் 20 ஆங்கிலச் சொற்களை எழுதி மனப்பாடம் செய்கிறேன். எஃபெமரல், யுபிக்விட்டஸ் மாதிரியான சொற்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் நாலைந்துதான் நினைவில் இருக்கின்றன. கதைப் புத்தகம் படி என்கிறார் ஆசிரியர். வரிக்கு வரி அகராதி புரட்டிச் சலித்துப்போகிறது. ஆங்கிலம்-தமிழ் அகராதி நல்லதா, ஆங்கிலம்-ஆங்கிலமா? உச்சரிப்பை எப்படித் திருத்துவது? அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் மரம் சீவியவர், ஆங்கிலம் சுத்தமாகத் தெரியாது. வீட்டில் கேட்க ஆளில்லை.

ஒரு வாசகி

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதத்தின் கடைசி வரிகளில் வந்து நின்றுவிட்டேன். முதலில் கோபம்தான் வந்தது. உன் வயதில் நானும் இதையே சொல்லியிருக்கிறேன், அம்மா பக்கத்தில் இருக்கும்போதே. போன வருடம் அம்மா தவறிப்போனார். அவர் பேச்சில் கிடந்த சொற்களை ஞாபகம் வரும்போதெல்லாம் ஒரு நோட்டில் எழுதிவருகிறேன். அந்த நோட்டு மேசையில் திறந்து கிடந்த நேரத்தில் உன் கடிதம் வந்தது.

பால் மரம் சீவியவருக்கு ஆங்கிலம் தெரியாது என்று உனக்கு யார் சொன்னது? விடியுமுன்னே ஆள் கணக்கெடுக்க அவர் போய் நின்ற பெரட்டு வேறொன்றுமில்லை, பரேடுதான். பேர் விழுந்தது செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில். காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தவர் டிரெஸர். பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தில் உறைந்த ஒட்டுப்பாலை ஸ்க்ராப் என்று தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி கணக்கில் எழுதினார். இதில் ஒன்றையாவது உன் அம்மா பட்டியல் போட்டுப் படித்திருப்பாரா? தெரியாமல் போனால் அன்றைய கூலி போகும். அதனால் தெரிந்துகொண்டார், மறக்கவும் இல்லை. நீயோ ஒரு வாரத்தில் பதினைந்தை மறந்துவிட்டு, அவருக்கு ஆங்கிலம் தெரியாது என்று எழுதுகிறாய்.

டாப் (tap) என்ற சொல்லையே எடுத்துக்கொள். உன் செயலி குழாய் என்று சொல்லும். உன் அம்மாவுக்கு அது மரம் சீவுவது. இரண்டும் ஒரே சொல்தான்: உள்ளே இருக்கும் நீரை வழி திறந்து வெளியே விடுவது. பீப்பாயில் செருகிய அடைப்பிலிருந்து கிளம்பி, குழாய்க்கும் போய், நம் ரப்பர் மரத்துக்கும் வந்த சொல். தோளில் லேசாகத் தட்டுகிற டாப் இருக்கிறதே, அது வேறு வழியில் வந்தது. நல்ல அகராதி இரண்டையும் தனித்தனியாகவே பதிந்திருக்கும். பட்டியலில் படித்தால் மூன்று பொருளாகக் குழம்பும். சாய்வாகக் கோடு போட்டு, உள்மரத்தில் காயம் படாமல் பட்டையை மட்டும் மெல்லிசாகச் சீவி, பால் வழிந்து மங்கில் விழுவதைப் பார்த்தவருக்கு எதற்குக் குழப்பம்?

அம்மாவிடமிருந்து எனக்கு வந்த முதல் ஆங்கிலச் சொல் விண்ட்ரிங். வருடத் தொடக்கத்தில் வெயில் ஏறி, ரப்பர் மரங்கள் இலையைக் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கும். பால் குறையும். குளிர்காலமே இல்லாத இந்த நாட்டில் வெள்ளைக்காரத் தொரைமார்கள் அதற்கு வைத்த பேர் அது. கிராணி வாயிலிருந்து பெரட்டுக்கு வந்து, பெரட்டிலிருந்து தொழிலாளர் வரிசை வீடான எங்கள் லயத்துக்கு வந்தது. "விண்ட்ரிங் வந்துருச்சு, கடையில கடன் சொல்லிட்டு வா" என்பார் அம்மா. எனக்கு விண்டர் என்றால் காலடியில் நொறுங்கும் சருகு, அம்மாவின் காலி வாளி, கடைக்காரர் கடன் புத்தகத்தைத் திறக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வது.

தமிழ்ப்பள்ளி முடித்து, முதல் படிவத்துக்கு முந்தைய புகுமுக வகுப்புக்குப் போனேன். ஒருநாள் ஆசிரியர் பத்துச் சொற்களைப் பலகையில் எழுதி, வாக்கியம் அமைக்கச் சொன்னார். அதில் விண்டர் இருந்தது. எனக்குத் தெரிந்த ஒரே சொல் அதுதான். விண்டர் வந்தால் என் அம்மாவிடம் காசு இருக்காது என்று ஆங்கிலத்தில் எழுதினேன். சிவப்பு மையால் குறுக்கே அடித்துவிட்டு, மலேசியாவில் ஏதடா விண்டர் என்று எழுப்பி நிற்கவைத்தார். அன்றைக்குத்தான் முதல்முறையாக அம்மாவின் பேச்சை நினைத்து வெட்கப்பட்டேன். அந்த வெட்கம் போக எனக்கு வெகுகாலம் பிடித்தது.

போனது ஒரு கதையால். டிரெஸர் வீட்டில் கழித்துப் போட்ட ஆங்கிலக் கதைப் புத்தகம், அட்டை இல்லாதது. பனி கொட்டும் ஊரில் ஓர் ஏழைக் குடும்பம் விறகுக்கும் ரொட்டிக்கும் அல்லாடுகிறது. பனியை நான் பார்த்ததில்லை, விறகுக்குப் பணம் தரவேண்டும் என்பதும் புதிது. ஆனால் விண்டர் என்ற சொல் வந்த இடத்தில் அந்த வீட்டுக்காரி முகம் என் அம்மா முகமாக இருந்தது. என் வாக்கியம் சரிதான் என்று அந்தப் புத்தகம்தான் எனக்குச் சொன்னது. அதே பக்கத்தில் பசிக்கு, கடனுக்கு, கஞ்சத்தனத்துக்கு என்று ஏழெட்டுப் புதுச் சொற்கள் இருந்தன. ஒன்றையும் நான் மனப்பாடம் செய்யவில்லை. இன்றுவரை ஒன்றும் போகவில்லை.

இது என் ஒருவன் அனுபவம் என்று தள்ளிவிடாதே. கரும்புக்காட்டுக்கு ஒப்பந்தக் கூலிகளாக நம்மவர்களும் போய்ச்சேர்ந்த பிஜித் தீவில், 1980களின் தொடக்கத்தில் வார்விக் எல்லி, பிரான்சிஸ் மங்குபாய் என்ற கல்வி ஆய்வாளர்கள் இருவர் ஒரு வேலை செய்தார்கள். கிராமத்துத் தொடக்கப் பள்ளி வகுப்புகளுக்கு ஆங்கிலக் கதைப் புத்தகங்களைக் கட்டுக் கட்டாகக் கொடுத்துப் படிக்கவிட்டார்கள். வாக்கிய அமைப்புகளைப் பயிற்சி செய்யும் வழக்கமான பாடத்தில் படித்த பிள்ளைகளைவிட இந்தப் பிள்ளைகள் வாசிப்பிலும் கேட்டுப் புரிவதிலும் வெகுவாக முந்திவிட்டார்கள். 1983-ல் அந்த முடிவை வெளியிட்டார்கள்.

உனக்குக் கதை சலிப்பது உன் குறையல்ல, புத்தகம் உனக்குப் பெரிது. யார் துணையும் இல்லாமல் படிக்க, புத்தகத்தில் 100 சொல்லுக்கு 98 தெரிந்திருக்கவேண்டும் என்பது பால் நேஷன் (Paul Nation) போன்ற, சொல் கற்றலை ஆராய்ந்தவர்களின் கணக்கு. பத்து வயதுப் பிள்ளையின் கதையாக இருந்தாலும் வெட்கப்படாமல் எடு. ஒரே கதையை இரண்டு முறை, மூன்று முறை படி. தெரியாத சொல் ஒன்றிரண்டு வந்தால் தாண்டிப் போ, நாலு பக்கம் தள்ளி அதுவே திரும்ப வந்து தன்னைச் சொல்லும். எஃபெமரலை விட்டுத்தொலை. அது தேவைப்படும் நாளில் தானாக வரும்.

உச்சரிப்பைப் பற்றி இப்போது கவலை வேண்டாம். அகராதி எதுவானாலும் சரி, படித்து முடித்தபின் திற.

இன்று இரவு சாப்பாடு ஆனதும் அம்மா பக்கத்தில் ஒரு நோட்டோடு உட்கார். டாப்பிங் எப்படிச் செய்வீர்கள் என்று கேள். கத்தியை எந்தக் கையில் பிடித்தார், கோடு எந்தப் பக்கம் சாயும், மழை வந்தால் கிராணி என்ன சொன்னார், எல்லாம் கேள். ஆங்கிலச் சொல் விழும்போதெல்லாம் எழுதிக்கொள், அவர் சொல்கிற மாதிரியே எழுது, திருத்தாதே. அந்தப் பட்டியலை எனக்கு அனுப்பு. என் நோட்டில் என் அம்மா பக்கத்துக்கு எதிர்ப் பக்கம் காலியாக இருக்கிறது.