மான் வேட்டைக்கு எத்தனை கிரெயின் தோட்டா?

பெங்களூரு அல்சூரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “டெக்சஸில் இருக்கும் மச்சான் நவம்பரில் மான் வேட்டைக்குக் கூப்பிடுகிறார். அவரிடம் .308 ரைஃபிள் இருக்கிறது. கடையில் 150, 165, 180 கிரெயின் என்று மூன்று எடையில் தோட்டா கிடைக்கிறதாம். எனக்கு இங்கே கிளப்பில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் சுட்ட பழக்கம் மட்டும்தான். எதை வாங்கச் சொல்லட்டும்?”

முதலில் மச்சானிடம் ஒன்று கேளுங்கள்: ரைஃபிளின் ஸ்கோப்பை எந்தத் தோட்டாவுக்கு சரிசெய்து வைத்திருக்கிறார்? கிரெயின் என்பது குண்டின் எடையைச் சொல்லும் அளவு; எடை மாறினால் குண்டு விழும் இடமும் மாறும். அவர் 165-க்கு வைத்திருந்தால் நீங்களும் அதே பிராண்டில் அதே 165-ஐச் சுடுங்கள். புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்றால் என் ஓட்டு 150-க்கு.

காரணம் சொல்கிறேன். அங்கே வேட்டையாடுவது வெள்ளைவால் மான். மேற்கு, நடு டெக்சஸில் பெரும்பாலும் ஐம்பது அறுபது கிலோ தேறும். மெல்லிய விலா, மெல்லிய தோல். குண்டு உள்ளே போனதும் முனை மலர்ந்து விரிந்தால்தான் நுரையீரல் கிழிந்து மான் சீக்கிரம் விழும். எல்க் போன்ற பெரிய விலங்குக்காகக் கெட்டியாகச் செய்த 180 கிரெயின் குண்டு, இந்தச் சிறிய உடம்பில் சரியாக விரியாமலே மறுபக்கம் போய்விடலாம். அடிபட்ட மான் புதருக்குள் ஓடி மணிக்கணக்கில் துடிக்கும். அது நடக்கவே கூடாது.

அதனால் எடையைவிடக் குண்டின் அமைப்பைப் பாருங்கள். பெட்டியில் ‘சாஃப்ட் பாயிண்ட்’ (முனையில் ஈயம் வெளியே தெரிவது) அல்லது ‘பாண்டட்’ (உள்ளிருக்கும் ஈயத்தை உறையோடு ஒட்டியது) என்று இருக்க வேண்டும். முழுக்க உலோக உறை போட்ட ‘ஃபுல் மெட்டல் ஜாக்கெட்’ குண்டு விரியாது. அதை மானுக்குத் தொடவே வேண்டாம். ஈயமே இல்லாத செம்புக் குண்டும் நல்லது. உடையாமல் தன் எடையைத் தக்கவைத்துக்கொள்ளும், இறைச்சியில் ஈயத்துகள் சேராது.

அடுத்தது உதை. உங்கள் ஏர் ரைஃபிள் பெல்லட் அரை கிராம். 150 கிரெயின் குண்டு கிட்டத்தட்ட 9.7 கிராம், வினாடிக்கு 850 மீட்டர் போல வேகம். தோளில் நன்றாகவே இடிக்கும். 180 என்றால் இன்னும் கூடுதல். உதைக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு டிரிக்கரை வெடுக்கென்று இழுப்பதால் தவறும் குறிகள்தான் அதிகம். 200 கஜத்தில் 150-க்கும் 180-க்கும் குண்டு தாழ்வதில் ஓரங்குலம் போலத்தான் வித்தியாசம், அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

போனதும் நூறு கஜத்தில் ஒரு பேப்பர் பிளேட்டை மாட்டிச் சுட்டுப் பாருங்கள். மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் ஏறக்குறைய அந்த அளவுதான். உட்கார்ந்து, துப்பாக்கியைத் தாங்கலில் வைத்துச் சுடுங்கள்; ஒவ்வொரு குண்டும் பிளேட்டில் விழும்வரை மானைக் குறிவைக்காதீர்கள். மான் பக்கவாட்டில் திரும்பி நிற்கும்போது, முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், உடம்பின் கீழ் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் குறி வையுங்கள். கழுத்து, தலை வேண்டாம்.

விசிட்டர் விசாவில் போகிறவர் அமெரிக்காவில் துப்பாக்கியைக் கையில் எடுப்பதே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. ஆகவே ரேஞ்சுக்குப் போவதற்கு முன்பே வெளிமாநிலத்தவர் உரிமத்தை வாங்கிவிடுங்கள். 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர் என்றால் டெக்சஸில் வேட்டைப் பயிற்சிச் சான்றும் கேட்பார்கள். இங்கே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி புள்ளிமான், கடமான் எதையும் வேட்டையாட முடியாது என்பது உங்களுக்கே தெரியும்.

அப்புறம், திரும்பும்போது ஜாக்கெட் பாக்கெட், பைகளின் உள்ளறைகள் எல்லாவற்றையும் கொட்டிப் பாருங்கள். மறந்துபோன ஒரே ஒரு தோட்டா விமான நிலைய ஸ்கேனரில் தெரிந்தாலும் இங்கே ஆயுதச் சட்டத்தில் வழக்குப் பதிவாகும்.