உறைபனி விழுந்த காலையில் தோட்டத்து மண் ஏன் பொங்கி நிற்கிறது?

ஊட்டி, தலைகுந்தா பக்கம் டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் ஈரமான வெறும் மண்ணைக் குனிந்து பாருங்கள். மண் பொருக்குக்கு அடியில் விரல்நுனி உயரத்துக்கு ஊசி ஊசியாகப் பனிக்கட்டி நிற்கலாம். மிதித்தால் நொறுநொறுவென்று உடையும். கேரட் நாற்று வேரோடு மேலே தூக்கப்பட்டிருந்தால், அது இந்த ஊசிகளின் வேலைதான்.

மண் உறையும்போது அடியில் உள்ள நீர், குளிர்ந்த மேல்பக்கம் நோக்கி ஏறுகிறது. மண் துகள்களை ஒட்டிய மெல்லிய நீர்ப்படலம் பூஜ்ஜியம் டிகிரிக்குச் சற்றுக் கீழேயும் உறையாமல் இருக்கும். பனிக்கட்டி அந்தப் படலத்திலிருந்து நீரை எடுத்து வளரும். குறைந்ததை ஈடுகட்ட அடிமண் நீர் மேலே இழுபடும்.

அகல்விளக்குத் திரி மாதிரிதான். நுனியில் எண்ணெய் எரிய எரிய, கீழேயிருந்து எண்ணெய் தானாக ஏறுகிறது அல்லவா? இங்கே நெருப்புக்குப் பதில் பனிக்கட்டி. பருமணலில் இழுவிசை போதாது. கெட்டிக் களிமண்ணில் நீர் மெதுவாகத்தான் நகரும். இரண்டுக்கும் நடுவே உள்ள வண்டல் மண்தான் அதிகம் பொங்கும்.

சரி, நீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் விரிகிறதே, அதனால்தான் மண் பொங்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது சிறு பங்குதான்: உறையும்போது சுருங்கும் பென்சீனை மண்ணில் ஊற்றி உறையவைத்தும் மண் பொங்குவதை 1930 வாக்கிலேயே ஸ்டீபன் டேபர் என்ற அமெரிக்கப் புவியியலாளர் காட்டிவிட்டார்.