என்ஜின் கணினியில் சிப் மாற்றலாமா?

கேள்வி: என் காரில் ஒரு சிலிண்டர் மட்டும் எரிவதில்லை. ஸ்பார்க் பிளக்கையும் ஒயரிங்கையும் பார்த்தாகிவிட்டது. என்ஜின் கணினியைத் திறந்தபோது ஒரு சிப்பின் முதுகு கருகிச் சிறு பள்ளம் விழுந்திருந்தது. ஆம்ப்ளிஃபயர் பழுதுபார்த்த பழக்கம் எனக்கு உண்டு. அதே எண்ணுள்ள சிப்பை வாங்கிச் சால்டர் செய்தால் போதுமா?

பதில்: சால்டர் செய்வதற்கு முன், அந்தச் சிப் ஏன் கருகியது என்பதைக் கண்டுபிடியுங்கள். தீப்பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலுக்கோ எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டருக்கோ மின்சாரத்தைத் திறந்து மூடும் டிரைவர் சிப் தானாகக் கெடுவது குறைவு. பெரும்பாலும் அந்த இக்னிஷன் காயிலின் சுற்றோ இன்ஜெக்டருக்குள் இருக்கும் காயிலின் சுற்றோ உள்ளுக்குள் ஷார்ட் ஆகி, தாங்க முடியாத மின்னோட்டத்தை அதன் வழியே இழுத்திருக்கும். காயிலை அப்படியே விட்டுவிட்டுச் சிப்பை மட்டும் மாற்றினால், என்ஜின் ஓடத் தொடங்கிய சில நொடிகளிலேயே புதியதும் கருகலாம். மல்டிமீட்டரால் ஒவ்வொன்றையும் அளந்து ஒப்பிடுங்கள்: மற்ற மூன்று இன்ஜெக்டர்களும் 14 ஓம் காட்டும்போது ஒன்று மட்டும் 3 ஓம் காட்டினால் குற்றவாளி அதுதான். சூடேறிய பிறகு மட்டும் ஷார்ட் ஆகும் காயில்களும் உண்டு என்பதால், குளிர்ந்த நிலையில் எடுத்த அளவை மட்டும் நம்பிவிடாதீர்கள்.

இனி சால்டரிங். ஆம்ப்ளிஃபயர் பழக்கம் இங்கே பாதி தூரம்தான் உதவும். இந்த போர்டுகள் பல அடுக்குகள் கொண்டவை. உள்ளே இருக்கும் செம்பு, நீங்கள் கொடுக்கும் வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பழைய ஈயக் கலவை 183 டிகிரி செல்சியஸில் உருகும். ஈயமில்லாத கலவைக்கு 217 டிகிரிக்கு மேல் வேண்டும். டிரைவர் சிப்புகள் பலவற்றுக்கு வயிற்றின் அடியிலும் ஓர் உலோகத் தகடு ஒட்டியிருக்கும். சால்டரிங் அயர்ன் அங்கே எட்டாது. ஆகவே, மேலே பூசியிருக்கும் பாதுகாப்புப் பூச்சை அந்த இடத்தில் மட்டும் நீக்கி, போர்டு முழுவதையும் சுமார் 100 டிகிரிக்கு முன்கூட்டியே சூடாக்கி, சால்டர் நன்றாக ஒட்ட உதவும் ஃப்ளக்ஸைத் தாராளமாக இட்டு, சூடான காற்றை ஊதும் ஹாட் ஏர் கருவி கொண்டு உருக்குங்கள். இடுக்கியால் சிப்பை மெல்லத் தொட்டால், அது மிதப்பதுபோல் அசைந்து மீண்டும் தன் இடத்திலேயே வந்து நிற்க வேண்டும். அந்த அசைவு தெரியும் முன் நெம்பினால் அடியில் உள்ள செம்புத் தடம் பிய்ந்து வரும். அதைச் சரிசெய்வது சிப் மாற்றுவதைவிடப் பெரிய வேலை.

புதிய சிப்பின் முகத்தையும் உற்றுப் பாருங்கள். பழைய எழுத்தைத் தேய்த்துவிட்டு வேறு எண்ணை அச்சிட்ட போலிகள் நிறையவே புழங்குகின்றன.

கேள்வி: எட்டுக் கால் மெமரி சிப் பழுதென்று புதியதைப் பொருத்தினேன். ஸ்டார்டர் சுழல்கிறது, என்ஜின் பிடித்து இரண்டு நொடியில் அணைந்துவிடுகிறது. சால்டரிங்கில் தவறா?

பதில்: சால்டரிங் சரியாகவே இருக்கலாம், சிப் வெற்றாக இருப்பதுதான் சிக்கல். பல கார்களில் சாவியை அடையாளம் காணும் இம்மொபைலைசர் தகவல் அந்தச் சின்னச் சிப்பில்தான் பதிந்திருக்கும்; அது கிடைக்காவிட்டால் கணினி எரிபொருளை நிறுத்திவிடும். பழைய சிப்பைத் தூக்கி எறியாமல் இருந்தால் பிழைத்தீர்கள். அதை, சிப்பில் உள்ளதைப் படித்து எழுதும் கருவியான புரோகிராமரில் வைத்து இரண்டு மூன்று முறை படித்து, எல்லாப் பிரதிகளும் ஒன்றுபோல் இருந்தால், அதையே புதியதில் எழுதுங்கள். கால் ஒன்று ஒடிந்த சிப்பைக்கூட, உடலின் பிளாஸ்டிக்கைச் சற்றே சுரண்டி மெல்லிய கம்பி இணைத்துப் படித்துவிடலாம்.

கேள்வி: என் கணினியைத் திறந்தால், வெள்ளைப் பீங்கான் தகட்டின் மேல் ஜெல்லி போன்ற ஒன்று நிரம்பியிருக்கிறது. அதைத் துடைத்துவிட்டு வேலையைத் தொடங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்த ஜெல்லுக்குள் தலைமுடியைப் போன்ற அலுமினியக் கம்பிகள் ஓடுகின்றன. துணி பட்டாலே அறுந்துவிடும். அவற்றைச் சால்டர் செய்ய முடியாது. மூடியை மூடிவிட்டு, முழு யூனிட்டையும் மாற்றும் வழியைப் பாருங்கள்.