தாத்தா என்ன வேலை பார்த்தார்? பழைய தொழில் பெயர்கள் – கேள்வி பதில்

பினாங்கு, பட்டர்வொர்த், கோலாலம்பூர் பக்கம் குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் கேட்ட கேள்விகளில் சில இங்கே.

ஐயா, என் தாத்தாவின் 1934ஆம் ஆண்டு திருமணப் பதிவில் தொழில் 'தண்டல்' என்று இருக்கிறது. வரி வசூலித்தவரா? (பட்டர்வொர்த்)

ஊர்ப்பக்கம் தண்டல்காரர் என்றால் வரி வசூலிப்பவர்தான். மலாயாப் பத்திரத்தில் அந்தப் பொருளைக் கொண்டுவந்து வைக்காதீர்கள் தம்பி. ரயில்வேயிலும் சாலை வேலையிலும் ஒரு கூட்டம் ஆட்களை வைத்து வேலை வாங்கிய மேஸ்திரியை இங்கே தண்டல் என்றார்கள். கப்பல் பக்கம் போனால், செராங்குக்கு (மாலுமிகளின் தலைவருக்கு) அடுத்த நிலையில் மாலுமிகளை நடத்தியவர் தண்டல். ஆங்கிலப் பதிவுகளில் 'டிண்டல்' என்றும் வரும். அதே பத்திரத்தில் முகவரி என்ன போட்டிருக்கிறது? பிறை ரயில்வே குவாட்டர்ஸ் என்றால் தண்டவாள வேலையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஜார்ஜ்டவுனில் வெல்ட் கீ துறைமுகப் பக்கம் என்றால் படகு, தொங்காங் (சரக்குப் படகு) வேலையைத் தேடுங்கள்.

மரணச் சான்றிதழில் 'சைஸ்' என்று இருக்கிறது. தாத்தா குதிரையைத் தொட்டதே இல்லை என்கிறார் அத்தை.

அத்தை சொல்வது சரியாகவே இருக்கும். குதிரை வண்டிக் காலத்தில் குதிரையைப் பார்த்துக்கொண்டவர் சைஸ். மோட்டார் கார் வந்த பிறகு டிரைவரையும் அதே பெயரில்தான் கூப்பிட்டார்கள். 1930களின் பத்திரம் என்றால் கார் டிரைவர் என்றே எடுத்துக்கொள்ளலாம். பழைய டிரைவிங் லைசென்ஸ் வீட்டுப் பெட்டியில் கிடக்கிறதா என்று பாருங்கள்.

கொள்ளுத்தாத்தா 1926இல் கங்காணியாகவே கப்பலேறி வந்தார் என்று வீட்டில் சொல்வார்கள். கையில் கிடைத்த தாளிலோ 'கூலி' என்று இருக்கிறது. எதை நம்புவது? (செந்தூல்)

இரண்டும் உண்மையாக இருக்கலாம் அக்கா. ஆள் கட்டும் கங்காணி என்பவர் ஏற்கெனவே தோட்டத்தில் வேலை செய்தவர். தோட்டத்தின் சார்பில் லைசென்ஸும் முன்பணமும் வாங்கிக்கொண்டு சொந்த ஊருக்குப் போவார். சொந்தக்காரர், தெரிந்தவர்களைத் திரட்டி நாகப்பட்டினம் அல்லது ஆவடி முகாம் வழியாகக் கப்பலேற்றுவார். ஆக, முதல் பயணம் கூலியாக, இரண்டாவது பயணம் கங்காணியாக. நீங்கள் ஒரு பயணத்தை மட்டும் தேடியிருக்கிறீர்கள். அதே தோட்டத்துக்கு, அதே கிராமத்திலிருந்து, பக்கத்துப் பக்கத்துத் தேதிகளில் வந்தவர்களின் பெயர்களையும் பாருங்கள். அவர்களை அழைத்து வந்தவர் உங்கள் கொள்ளுத்தாத்தாவாகவே இருக்கலாம்.

இன்னொன்று. கூலிகளை உதவி கொடுத்து அனுப்புவதை இந்திய அரசு 1938இல் நிறுத்திவிட்டது. அதற்குப் பிந்திய பத்திரத்தில் கங்காணி என்று வந்தால், அவர் வெளிக்காட்டில் (தோட்டத்து வேலைக்களத்தில்) வேலை வாங்கியவர், பெரட்டில் (காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தும்போது) ஆள் எண்ணியவர். அவரையும் ஆள் கட்டியவரையும் ஒன்றாக்கிவிடாதீர்கள்.

அப்புறம், உரிமையோடு ஒரு வார்த்தை. தாளில் கூலி என்று இருந்தால் குடும்ப மரத்திலும் கூலி என்றே எழுதுங்கள். அதைக் கங்காணி என்று உயர்த்தி எழுதும் பழக்கம் நம்மிடம் நிறைய இருக்கிறது. அப்படி எழுதினால், பால்மரம் வெட்டி (ரப்பர் பால் எடுத்து) இந்தக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்திய அந்த மனிதரை நாமே அழித்துவிடுகிறோம்.

'டிரெஸ்ஸர்' என்றால் துணி சம்பந்தப்பட்ட வேலையா?

இல்லை. தோட்ட ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போட்டு மருந்து கொடுத்தவர். டாக்டர் எப்போதாவதுதான் வருவார் என்பதால் பல தோட்டங்களில் இவரே டாக்டர் மாதிரி. பிந்திய பதிவுகளில் ஹாஸ்பிட்டல் அசிஸ்டென்ட் என்று தேடுங்கள்.

தாத்தாவின் அப்பா பினாங்கில் 'அடுத்தாள்' என்று ஒரு பழைய கடிதத்தில் இருக்கிறது. யாருக்கு அடுத்தவர்?

அது செட்டியார் கடைச் சொல். வட்டிக்கடையை நடத்திய ஏஜெண்டுக்கு அடுத்த பொறுப்பில் இருந்தவர் அடுத்தாள். கீழே எடுபிடி வேலை செய்துகொண்டே கணக்குப் பழகியவர் பெட்டியடிப் பையன். பினாங்கு ஸ்திரீட்டிலும் கோலாலம்பூர் லெபோ அம்பாங்கிலும் இருந்த கிட்டங்கிகளில் (செட்டியார்கள் தங்கித் தொழில் நடத்திய நீளமான கட்டடங்களில்) ஒரே கூரைக்குக் கீழே பல கடைகள் நடந்தன. ஆளுக்கு ஒரு கணக்குப் பெட்டி. ஏஜெண்டுகளை மூன்று ஆண்டுக் கணக்குக்கு அனுப்புவது வழக்கம். இவர்கள் கூலிக் கப்பல் பட்டியலில் வரமாட்டார்கள், அங்கே தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். கடிதத்தின் தலைப்பில் இரண்டு மூன்று முன்னெழுத்துகள் இருக்கும். அதுதான் கடையின் விலாசம். அதைக் குறித்துக்கொண்டு செட்டிநாட்டில் அந்த விலாசக்காரர்களின் ஊரை விசாரியுங்கள்.