நெருக்கி நட்டால் முடி பிழைக்குமா? கேள்வி பதில்

பெங்களூரில் முடி நடவு செய்யும் கிளினிக் ஒன்றில் ஒன்பது வருடம் மைக்ரோஸ்கோப்பில் கிராஃப்ட் (வேரோடு எடுத்து நடும் சின்ன முடிக்கொத்து) பிரித்தவன் நான். இப்போது தருமபுரியில் இருக்கிறேன். நம் பக்கத்துத் தம்பிகள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில் இது.

அண்ணா, ஒருவர் சதுர சென்டிமீட்டருக்கு 35 கிராஃப்ட் என்கிறார், இன்னொருவர் 60 என்கிறார். 60 சொல்பவர்தானே கெட்டிக்காரர்? (பாலக்கோடு)

அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள் தம்பி. கொட்டாத தலையிலேயே ஒரு சதுர சென்டிமீட்டரில் சுமார் 65 முதல் 85 கொத்துகள்தான் இருக்கும். ஒரு கொத்தில் ஒன்றிலிருந்து நான்கு முடி. அதில் பாதி போகும்வரை பார்ப்பவருக்குத் தெரியாது. அதனால்தான் பல டாக்டர்கள் 30க்கும் 45க்கும் நடுவில் நிற்கிறார்கள்.

புதிதாக வைத்த கிராஃப்டுக்கு முதல் சில நாள் சொந்த ரத்தக்குழாய் கிடையாது. சுற்றியுள்ள சதையிலிருந்து ஊறி வருவதுதான் அதற்குச் சாப்பாடு. நெருக்கி நெருக்கிக் கீறினால் அந்த ஊற்றே அறுபடும். ஒன்றை நுழைக்கும்போது பக்கத்தில் வைத்தது பிதுங்கி வெளியே வரும். அதை மறுபடி உள்ளே தள்ளும்போது வேர் நசுங்கும். ரொம்ப மோசமானால் தோலே கறுத்துச் செத்து வடுவாகிவிடும். சின்ன இடத்தில், மெல்லிய பிளேடு வைத்து 50க்கு மேல் நட்டுப் பிழைக்க வைக்கும் கைகளும் உண்டு. ஆனால் எல்லாத் தலைக்கும் 60 என்று விலைப்பட்டியல் போல் சொல்பவரை நான் நம்ப மாட்டேன்.

மாந்தோப்பில் ஏக்கருக்கு 40 மரம் வைத்த இடத்தில் அடர் நடவில் 674 வைக்கிறோமே சார்? (காவேரிப்பட்டணம்)

அருமையான கேள்வி. அங்கே சொட்டுநீர் போட்டு உரம் கொடுக்கிறீர்கள், வருடா வருடம் கவாத்து செய்கிறீர்கள். தலைக்கு வரும் ரத்தத்தை அப்படிக் கூட்டிவிட வழியில்லை. சிகரெட் பிடிப்பவருக்கும் சர்க்கரை கட்டுப்படாதவருக்கும் அதுவும் குறைவு. அவர்களுக்கு இன்னும் தள்ளித் தள்ளித்தான் நட வேண்டும்.

எனக்கு 24 வயது. முன்நெற்றியை மட்டும் நன்றாக அடைத்துவிடலாமா அண்ணா? (அரூர்)

எனக்கு அதிகக் கவலை உங்களைப் போன்றவர்களை நினைத்துத்தான். பின்மண்டையிலிருந்து ஆயுளுக்கும் எடுக்க முடிவது பெரும்பாலானவர்களுக்கு 5000, 6000 கிராஃப்ட். முன்பக்கம் 50 சதுர சென்டிமீட்டர் என்றால் 40 வீதம் 2000 போகும், 60 வீதம் 3000. நாற்பது வயதில் உச்சி வரை வழுக்கை ஏறி 200 சதுர சென்டிமீட்டர் ஆனால் என்ன செய்வீர்கள்? முன்னால் காடு, பின்னால் பொட்டல் என்று நிற்கும். முதலில் தோல் டாக்டரைப் பார்த்து, மருந்தில் கொட்டுவது நிற்கிறதா என்று பாருங்கள்.

எங்கள் ஊர் ஃபுளோரைடு தண்ணீரால்தான் வழுக்கையா? (பென்னாகரம்)

அந்தத் தண்ணீர் பல்லையும் எலும்பையும் கெடுக்கும். நெற்றி ஏறி உச்சி வழுக்கையாவது பரம்பரையும் ஹார்மோனும் செய்யும் வேலை.

நட்ட பிறகு அடர்த்தி போதாவிட்டால்? (ஓசூர்)

அவசரப்படாதீர்கள். நட்ட முடி முதல் இரண்டு மாதத்துக்குள் பெரும்பாலும் உதிரும், வேர் உள்ளேயே இருக்கும். மூன்று நான்கு மாதத்தில் முளைக்கும், முழுசாகத் தெரிய ஒரு வருடம். அப்புறம் எவ்வளவு பிழைத்தது என்று பார்த்து, இடைவெளியில் இரண்டாம் முறை சேர்க்கலாம். அதற்குள் அந்தத் தோலில் ரத்த ஓட்டமும் தேறியிருக்கும்.