எழுத்து மேசை: மாந்தோப்பு முகாமில் ஒரு காதல்

கேள்வி: கல்லூரி முதலாண்டு முடித்த இருவர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு மாந்தோப்பில் நடக்கும் பத்து நாள் கோடை முகாமுக்குத் தொண்டர்களாக வருகிறார்கள். ஜாலியான காதல் நாவல். மூன்றாம் நாளே இருவருக்கும் பிடித்துப்போய்விட்டது. அறுபது பக்கத்தில் கதை நின்றுவிட்டது. இனி என்ன செய்ய?
- வாசகி, பாலக்கோடு

பதில்: பிடித்துப்போனதில் தப்பில்லை. அது இருவருக்கும் ஒரே நாளில் தெரிந்துபோனதுதான் தப்பு. வாசகருக்கு மூன்றாம் நாள் தெரியட்டும், அவளுக்கு ஐந்தாம் நாள், அவனுக்கு எட்டாம் நாள். இந்த இடைவெளியில்தான் கதை ஓடும்.

முகாம் கதைக்கு வில்லன் வேண்டாம், வேலைப் பட்டியல் போதும். ஒரு பெரிய தாளில் பத்து நாளுக்கும் கட்டம் போடுங்கள். ஒரு நாளுக்கு ஐந்து வேளை. நாற்பது பிள்ளைகள், எட்டெட்டாக ஐந்து குழு, குழுவுக்கு ஒரு தொண்டர். சமையல், தண்ணீர், விளையாட்டு, இரவுக் காவல் என்று யார் எங்கே என எழுதுங்கள். முதல் நாலு நாளில் உங்கள் ஜோடியை இரண்டு தடவைக்கு மேல் ஒரே வேலையில் சேர்க்காதீர்கள். இருவர் பெயரும் பக்கத்தில் பக்கத்தில் வருகிறதா என்று தினமும் காலையில் பட்டியலைப் பார்க்க ஓடுவதே ஒரு காட்சி.

ஐந்தாம் நாள் களி கிண்டப் போடுங்கள். ஐம்பது பேருக்கு ஐந்து கிலோ ராகி மாவு. நொய் வெந்து கொதிக்கும் தண்ணீரில் மாவைக் குவித்துக் கொட்டி, நடுவில் துடுப்பால் ஒரு குழி குத்தி, மூடி வேகவிட வேண்டும். பொறுக்காமல் முன்னாலேயே கிண்டினால் கட்டி கட்டியாக நிற்கும். அத்தனை களியைத் தனியாளாகக் கிண்ட முடியாது. ஒருத்தர் பாத்திரத்தைப் பிடிக்க, ஒருத்தர் கிண்ட வேண்டும். அவசரக்காரன் அவன், பொறுமைக்காரி அவள் என்பதை வசனமே இல்லாமல் அந்தக் கட்டிகள் சொல்லிவிடும்.

பாதி போன் பேச்சை ஒட்டுக்கேட்டு வரும் சண்டை மட்டும் வேண்டவே வேண்டாம். "யார்கூடப் பேசின?" என்று ஒரு வரி கேட்டால் தீர்ந்துபோகிற சிக்கல், நாலு அத்தியாயத்தைத் தாங்காது.

கேள்வி: நகைச்சுவை வரவில்லை. ஜோக் எழுதினால் வாட்ஸ்அப் வாடை அடிக்கிறது.
- வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: ஜோக்கை விடுங்கள், உங்கள் மாவட்டத்தின் மொழியைப் பிடியுங்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசுகிறவர்கள் நிறைய. பையன் மாங்காய்க் கீற்றை நீட்டுகிறான். அவள் கூச்சத்தில் வீட்டுப் பேச்சாக "பேட" என்கிறாள். கன்னடத்தில் அது "வேண்டாம்". அவன் காதில் "பேடா" என்று விழுகிறது. மறுநாள் காய்கறி வாங்கப் போகிற வண்டியில் தொற்றிக்கொண்டு போய், கால் கிலோ பால்பேடாவோடு வந்து நிற்கிறான். அர்த்தத்தை அவள் உடனே சொல்லிவிடக் கூடாது. எட்டாம் நாள் வரைக்கும் வைத்திருங்கள்.

கேள்வி: எத்தனை பக்கம் எழுதலாம்?
- வாசகர், ஊத்தங்கரை

பதில்: முப்பதாயிரம் சொல் போதும். நாளுக்கு இரண்டு அத்தியாயம், அத்தியாயத்துக்கு 1,500 சொல். முதல் சந்திப்பு முதல் அத்தியாயத்துக்குள் வந்துவிடட்டும். தோப்பு வர்ணனை அதற்கப்புறம்.

கேள்வி: ஊரைப் பற்றி எழுதும்போது எதில் சறுக்குவார்கள்?
- வாசகி, ஓசூர்

பதில்: முதலில் மாம்பழத்தில். மே முதல் வாரத்தில் நீலம் பழுத்துத் தொங்கினால் கிருஷ்ணகிரிக்காரர் புத்தகத்தை மூடிவிடுவார். நீலம் சீசன் கடைசியில் வரும் ரகம். மே தொடக்கத்தில் கைக்குக் கிடைப்பது கிளிமூக்கு மாங்காய், உப்பு மிளகாய்த்தூளோடு. அதிலும் ஒரு சங்கதி உண்டு. காம்பை ஒடித்ததும் பால் பீச்சும். தோலில் பட்ட இடம் வெந்து புண்ணாகிக் கறுக்கும். விவரம் தெரிந்தவர்கள் காம்போடு பறித்து, பிறகு காம்பைக் கிள்ளி, காயைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பால் வடிய விடுவார்கள். கழுவாமல் கடித்த பையனுக்கு உதடு வீங்கி, மனசைச் சொல்ல நினைத்த நாளில் வாயே திறக்க முடியாமல் போனால் எப்படி இருக்கும்!

அடுத்தது ஒகேனக்கல். பரிசல் சுற்றுலா வைக்கிறீர்கள் என்றால் லைஃப் ஜாக்கெட் மாட்டிவிடுங்கள். வெள்ளம் வந்து பரிசலுக்குத் தடை என்று கதையைத் திருப்ப வேண்டுமென்றால், கர்நாடகத்தில் தென்மேற்குப் பருவமழை பிடித்த பிறகுதான் அது பொருந்தும். மே மாதக் கதைக்குக் கோடை மழையே போதும். ஒரு சாயங்காலக் காற்றில் தோப்பு முழுக்கக் காய் உதிரும். நாற்பது பிள்ளைகளும் ஐந்து தொண்டர்களும் கோணிப்பையோடு பொறுக்க ஓடலாம்.

இரவில் வாசல் தாண்டக் கூடாது என்ற விதிக்குக் கண்டிப்பான வார்டன் தேவையில்லை. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிக் காடுகளில் யானை உண்டு. விதி தானாக நிற்கும்.

கேள்வி: முடிவில் கல்யாணம் வைக்கலாமா?
- வாசகர், தருமபுரி

பதில்: பத்தொன்பது வயசுப் பிள்ளைகளுக்கு மண்டபம் எதற்கு? பிரிவு என்று இரண்டு அத்தியாயம் அழவும் வைக்காதீர்கள். அவன் பாலக்கோடு, அவள் தேன்கனிக்கோட்டை. ராயக்கோட்டை தாண்டினால் ஓசூர் வந்துவிடும், அங்கிருந்து அவள் ஊருக்கு இன்னொரு பஸ். கடைசிப் பக்கத்தில் அவன் பையில் காலி பேடா டப்பா இருக்கட்டும், அதற்குள் அவள் கையெழுத்தில் பஸ் நேரங்கள்.